பெண்குழந்தைகள் பத்திரிகையும் பாட்டுக்கார பக்தியும்

சீமையிலும், அமெரிக்காவிலும், ஜெர்மனி முதலிய தேசங்களிலும் 12, 13 வயது முதல் 18 வயது வரையுள்ள பெண்மக்களுக்கென்றே தனிப் பத்திரிகைகள் ஏற்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் லட்சக்கணக்கான பிரதிகள் அச்சாகி விற்பனையாகி வந்தன. அவைகளில் பெரும் பாகம் பாட்டுக்காரர்களின் படமும், அவர்களைப்பற்றிய புகழுமாகவும், மீதிப் பாகம் முகப்பூச்சு, உடுப்பு, காதல் கதை ஆகியவைகளாகவுமே இருந்து வந்தன. இன்று அவைகளில் பெரும்பாலானவை நின்றுபோய்விட்டன. நின்றுபோன அயல்நாட்டுப் பத்திரிகைகளைப்பற்றி நமது பத்திரிகையில் என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பத்திரிகைதான் நின்றதே ஒழிய, அது செய்துவந்த வேலை நிற்கவில்லை. அந்த வேலை இன்று செல்போன் வழியாக நமது கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் பெண்வரை வந்து சேர்ந்துவிட்டது. ஆகையால் அதன் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியது பெண்மக்களைப் பெற்றவர்களுக்கும், அவர்களுடைய விடுதலையில் கவலையுள்ளவர்களுக்கும் அவசியமென்று கருதியே இதை எழுதுகிறோம்.

இப்பத்திரிகைகளைப்பற்றி இரண்டு கட்சியார் இரண்டு விதமாகப் பேசிவந்திருக்கிறார்கள். பாதிரிமார்களும், ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் பெரியவர்களும், “இவை பெண்களைக் கெடுக்கின்றன, பாட்டுக்காரப் பையன்களின் பெயரைச் சொல்லிக் கூச்சல் போடும்படி செய்கின்றன, ஆகவே ஒழிக்க வேண்டும்” என்றார்கள். பத்திரிகை முதலாளிகளோ, “பெண்கள் தாங்களாகவே காசு கொடுத்து வாங்குகிறார்கள், அவர்கள் விரும்புவதைத்தான் கொடுக்கிறோம், இதுதான் பெண்கள் சுதந்திரம்” என்றார்கள். இந்த இரண்டு கட்சியிலும் நாம் சேர்ந்தவர்களல்ல. ஒரு பெண் தன் கையிலுள்ள காசைக் கொண்டு, தன் இஷ்டப்படி ஒரு பத்திரிகை வாங்கிப் படிப்பதும், ஒரு பாட்டைக் கேட்டுக் களிப்பதும், தாளத்துக்குத் தகுந்தபடி ஆடுவதும் குற்றமாகாது. ஆனால் அப்பத்திரிகைகளின் வழியாய் அவளுக்குக் கற்பிக்கப்பட்டது சங்கீதமல்ல; பக்தி. நாம் கோயிலில் எதைக் கண்டிக்கிறோமோ, அதுவே வேறு வேஷத்தில் அங்கு விற்கப்பட்டது. அதைவிட வேடிக்கை என்னவென்றால், ஒழுக்கக்காரர்கள் இந்தப் பக்தியை ஒருநாளும் உண்மையாக எதிர்த்ததில்லை. அப்பத்திரிகைகளில் எப்போதாவது ஒரு சமயம் அறிவு கொஞ்சம் எட்டிப் பார்த்தபோதுதான் அவர்கள் கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதை ருஜுவுடன் எடுத்துக்காட்டுவதே நமது நோக்கம்.

விற்கப்பட்டது எது?

1944-ம் வருஷம் அமெரிக்காவில் ‘செவன்டீன்’ என்னும் மாதப் பத்திரிகை ஆரம்பிக்கப்பட்டது. அதன் முதல் ஆசிரியர் ஹெலன் வாலன்டைன் என்னும் அம்மையார். ஆரம்பத்தில் அதில் ஓட்டு, குடிமக்கள் கடமை, புத்தகம் முதலிய விஷயங்களைக்கூட எழுதினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பத்திரிகை பிழைத்தது அந்த எழுத்தினால் அல்ல. பத்திரிகையின் விளம்பரப் பகுதியார் ‘டீனா’ என்று ஒரு பெண்ணைக் கற்பனை செய்து, அவளுக்கு என்ன வயது, அவள் எதை விரும்புவாள், அவளிடம் எவ்வளவு காசு இருக்கும், அவளுடைய அப்பனை எதெது வாங்கும்படி செய்வாள் என்றெல்லாம் கணக்கெடுத்து, அந்தக் கணக்கை உடுப்பு வியாபாரிகளிடமும், முகப்பூச்சு வியாபாரிகளிடமும் கொண்டுபோய்க் காட்டினார்கள். நம் ஊரில் கலியாணத் தரகன் பெண்ணின் நிறத்தையும், நகையையும், அப்பன் வீட்டு நிலத்தையும் எடுத்துச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆசை காட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். பெண்ணுக்குப் பத்திரிகை விற்கப்படுகிறது என்று ஜனங்கள் நினைத்துக் கொண்டிருந்தார்கள். உண்மையில் பத்திரிகைக்காரரால் வியாபாரிக்குப் பெண் விற்கப்பட்டாள்.

இனி சீமைக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் டண்டீ என்று ஒரு பட்டணம். நமது வங்காளத்துச் சணலைக் கப்பல் கப்பலாய் வரவழைத்துச் சாக்கு நெய்து கொழுத்த ஊர் அது. அவ்வூர்ச் சணல் மில்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களுக்கு வேலை கிடைக்காமல், பல வீடுகளில் பெண்சாதி சம்பாதித்துவர, புருஷன் வீட்டில் அடுப்பைக் கவனித்தான். அப்படிப்பட்ட ஆண்களுக்கு வெந்நீர் காய்ச்சுகிறவர்கள் என்றே அவ்வூரில் பட்டப்பெயர் ஏற்பட்டது. பெண் சம்பாதித்தால் குடும்பம் கெட்டுப்போகும் என்று சொல்லும் வைதீகர்களுக்கு அந்த ஊரே நேரான பதில். அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் டி.சி. தாம்ஸன் கம்பெனியார் 1964 ஜனவரியில் ‘ஜாக்கி’ என்னும் வாரப் பத்திரிகையை வெளியிட ஆரம்பித்தார்கள். 1976-ல் அது வாரம் 6 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1993-ல் நின்றது. சுமார் முப்பது வருஷ காலம் சீமையிலே பெண்குழந்தைகளுக்கு அதுவே வேதம்.

அந்த வேதத்தில் சொல்லப்பட்டது என்ன? படக்கதைகள். ஒரு பெண் ஒரு பையனைப் பார்க்கிறாள், அவன் தன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டானா என்று ஏங்குகிறாள், இன்னொரு பெண் குறுக்கே வருகிறாள், இவள் அழுகிறாள், கடைசியில் அவன் இவள் பக்கம் திரும்பினால் கதை சுபம், திரும்பாவிட்டால் கண்ணீர். 1978-ல் ஆஞ்செலா மெக்ராபி என்னும் அம்மையார் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இப்பத்திரிகையை ஆராய்ந்து எழுதினார். காதல், வீட்டு வாழ்வும் மனக்குறையும், உடுப்பும் அலங்காரமும், பாட்டு ஆகிய நான்கும்தான் அதிலுள்ள விஷயம் என்று அவர் எடுத்துக்காட்டினார். பாட்டுப் பக்கத்திலுங்கூடச் சங்கீதத்தைப்பற்றி ஏதும் கிடையாது. பாடுகிறவனின் முகத்தைத்தான் பார்க்கச் சொன்னார்கள் என்பதையும் அவர் கண்டார். எந்த வாத்தியம் எப்படி வாசிக்கப்படுகிறது, பாட்டை யார் எழுதினார், இசைத்தட்டு விற்ற பணத்தில் பாடினவனுக்கு எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு என்பவைகளில் ஒன்றையாவது அந்தப் பெண் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமில்லை. அவனுக்குப் பிடித்த நிறம் எது, அவனுக்கு எப்படிப்பட்ட பெண் பிடிக்கும் என்பது மாத்திரம் தெரிந்தால் போதும். கர்ப்பக்கிரகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பக்தன் கேட்கக்கூடாது. சுவாமிக்கு உகந்த புஷ்பம் எது, நைவேத்தியம் எது என்று மாத்திரம் தெரிந்துகொண்டால் போதும் என்கிறார்களே, அதுபோல.

இதே காலத்தில் சீமையில் வேறு என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். 1968-ல் டாகன்ஹாம் என்னும் ஊரில் போர்டு மோட்டார் தொழிற்சாலையில் காரின் ஆசனத்துக்கு உறை தைத்த பெண்கள், தங்கள் வேலையைக் கைத்திறன் வேலையாக மதிக்காமல் குறைந்த கூலி கொடுத்ததற்காக வேலைநிறுத்தம் செய்து தொழிற்சாலையையே நிறுத்தினார்கள். அதன் பலனாக 1970-ல் சம வேலைக்குச் சம கூலிச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறி 1975 முடிவில் அமுலுக்கு வந்தது. ‘ஜாக்கி’ படித்த பெண்களில் பெரும்பாலோர் 15, 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும், கடைக்கும், ஆபீசுக்கும் போகவேண்டியவர்கள். அவர்களுடைய கூலியைப் பாதிக்கிற போராட்டம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்க, அவர்களுக்கென்று வந்த பத்திரிகையோ, அவன் திரும்பிப் பார்ப்பானா என்று வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தது. பொழுதுபோக்குப் பத்திரிகையில் கூலிப் பேச்சு எதற்கு என்று சொல்லலாம். பையன்களுக்கென்று வந்த பத்திரிகைகளில் யந்திரம், ஆகாய விமானம், யுத்தம், துப்பறிதல் என்று உலகத்தையே காட்டினார்களே. பெண்ணுக்கு மாத்திரம் உலகம் ஒரு ஆணின் முகத்தளவாகச் சுருங்கிப்போனதற்குக் காரணம் என்ன என்று கேட்கின்றோம்.

கலியாணம் ஆகாத கடவுள்

பக்தி என்று நாம் சொல்வது வெறும் வசவல்ல. அதன் சடங்குகளைக் கவனித்தால் விளங்கும். நம் புலவர்கள் பாதாதிகேசம் என்றும், கேசாதிபாதம் என்றும் கடவுளை அங்கம் அங்கமாக வர்ணித்திருக்கிறார்கள் அல்லவா? ‘ஜாக்கி’க்காரர்கள் பாட்டுக்காரனின் பெரிய படத்தை மூன்று துண்டாக வெட்டி, வாரத்துக்கு ஒரு துண்டாக மூன்று வாரம் கொடுத்தார்கள். மூன்று வாரமும் வாங்கினால்தான் முழு மூர்த்தியின் தரிசனம் கிடைக்கும். அதைப் படுக்கையறைச் சுவரில் ஒட்டவேண்டும். தவிர ‘கேத்தி’, ‘கிளேர்’ என்று இரண்டு பெண்களின் பெயரால் மனக்குறைக்குப் பதில் சொல்லும் பகுதி ஒன்று இருந்தது. பெண்கள் தங்கள் தாயிடம் சொல்லமுடியாததை எல்லாம் அவர்களுக்கு எழுதினார்கள். ஆனால் கேத்தியும் இல்லை, கிளேரும் இல்லை; காரியாலயத்திலிருந்தவர்களே அந்தப் பெயர்களுக்குள்ளிருந்து பதில் சொல்லிவந்தார்கள். சிலைக்குப் பின்னாலிருந்து பூசாரி குறி சொல்வதைப்போன்றதுதான் இதுவும்.

இன்னும் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். ‘பீட்டில்ஸ்’ என்னும் பிரபல பாட்டுக் கோஷ்டியைச் சேர்ந்த ஜான் லென்னன் என்பவருக்கு 1962 ஆகஸ்டில் கலியாணம் ஆயிற்று. அடுத்த வருஷம் பிள்ளையும் பிறந்தது. ஆனால் அந்தக் கோஷ்டியின் காரியங்களைக் கவனித்துவந்த பிரையன் எப்ஸ்டீன் என்பவர் ஆரம்பத்தில் இதை வெளியில் தெரியாதபடி மறைத்து வைத்தார். ஏன்? கலியாணம் ஆனவன் என்று தெரிந்தால் பெண்களின் பக்தி குறைந்துபோகும், வியாபாரம் படுத்துவிடும் என்கிற பயம்தான். நம் ஊர்ச் சுவாமிகளுக்கோ வருஷந்தோறும் திருக்கலியாணம் செய்து வைக்கிறார்கள். ஒரு பெண்சாதிக்கு இரண்டு பெண்சாதியும் உண்டு. எந்தப் பக்தருக்கும் வருத்தமில்லை. சீமைச் சுவாமிக்கோ ஒரு கலியாணங்கூட ஆகக்கூடாது. இரண்டிலும் தத்துவம் ஒன்றுதான். எந்த விதத்தில் வைத்தால் உண்டியல் நிறையுமோ, அந்த விதத்தில் சுவாமியை வைத்துக்கொள்வதே தத்துவம். இதில் அந்த லென்னனின் மனைவியாகிய பெண், தான் இன்னாருக்கு மனைவி என்று வாய்திறந்து சொல்லமுடியாமல், பிள்ளையைச் சுமந்துகொண்டு மறைந்திருக்கவேண்டி வந்ததே, அதைப்பற்றிக் கவலைப்பட்டவர்கள் யார்?

நிற்க, இந்தப் பெண்கள் கூச்சல் போட்டதைப்பற்றி அக்காலத்து அறிவாளிகள் சொன்னதையும் கவனிக்கவேண்டும். 1964 பிப்ரவரியில் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ என்னும் பத்திரிகையில் பால் ஜான்ஸன் என்பவர், பீட்டில்ஸைச் சுற்றிக் கூடும் இளைஞர்களும் பெண்களும் மந்தபுத்திக்காரர்கள், சோம்பேறிகள், தோற்றுப்போனவர்கள் என்கிற பொருள்பட எழுதினார். அது சமதர்மம் பேசும் பத்திரிகை என்பதைத் தோழர்கள் ஞாபகத்தில் வைக்கவேண்டும். ஏழைகளின் நன்மைக்கென்று எழுதும் ஒருவருக்கு, 15 வயதில் தொழிற்சாலைக்குப் போகப்போகிற ஒரு பெண் ஒரு சாயங்காலம் வாய்விட்டுக் கத்தினால் அவள் மனிதப் பதராகத் தெரிகிறாள். ஆண்கள் பந்தாட்ட மைதானத்தில் ஆயிரக்கணக்காய்க் கூடித் தொண்டை கிழியக் கத்துவதும், மண்டையை உடைத்துக்கொள்வதும் வீரம். பெண் பாட்டு மண்டபத்தில் கத்தினால் பைத்தியமா?

அந்தப் பெண் ஏன் அறைக்குள் உட்கார்ந்து பாட்டுக்காரன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதற்கும் காரணம் உண்டு. 1976-ல் அதே மெக்ராபி அம்மையாரும் ஜென்னி கார்பர் என்பவரும் சேர்ந்து இதைப்பற்றி எழுதியிருக்கிறார்கள். பையன்கள் தெருவில் திரியலாம், கூட்டம் கூடலாம், இரவில் நேரங்கழித்து வரலாம். பெண்ணுக்கோ தெரு ஆபத்து, இரவு ஆபத்து, கெட்ட பெயர் வந்தால் அதைவிட ஆபத்து. அவளுக்கு மிஞ்சியது ஒரு அறை, ஒரு இசைத்தட்டு, ஒரு பத்திரிகை, கூட ஒரு சினேகிதி. சுவரில் ஒட்டிய படம் அவளை அடிக்காது, கைவிடாது, ஊரில் பெயரைக் கெடுக்காது. ஆகவே பெண்ணைத் தெருவுக்கு வரவிடாமல் அடைத்து வைத்தவர்களே, அவள் அறையில் படத்தை வைத்துப் பூஜை செய்கிறாள் என்று பரிகாசம் செய்வது எவ்வளவு யோக்கியமான காரியம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ள வேண்டும்.

கொள்ளி வைத்த கதை

இனி, ஒழுக்கக்காரர்கள் எப்போது கோபித்தார்கள் என்பதைப் பார்ப்போம். 1966 மார்ச்சில் ஜான் லென்னன் லண்டன் பத்திரிகை ஒன்றில் மாரீன் கிளீவ் என்னும் அம்மையாருக்குப் பேட்டி கொடுத்தபோது, கிறிஸ்து மதம் தேய்ந்து மறைந்துபோகும் என்றும், இன்றைக்கு ஏசுவைவிடத் தங்களுக்கே ஜனங்களிடம் அதிகச் செல்வாக்கு என்றும் கருத்துப்படச் சொன்னார். லண்டனில் அதைப் படித்தவர்கள் காப்பி குடித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். யாருடைய வானமும் இடிந்து விழவில்லை. அதே வருஷம் ஜூலை மாத முடிவில் ‘டேட்புக்’ என்னும் அமெரிக்கப் பத்திரிகை அதை எடுத்துப் போட்டது. அது பெண்குழந்தைகளும் பாட்டு ரசிகர்களும் படிக்கும் பத்திரிகை. அவ்வளவுதான், அமெரிக்காவின் தென்பாகம் தீப்பற்றிக்கொண்டது. அலபாமா மாகாணத்துப் பர்மிங்காம் ரேடியோக்காரர்கள் பீட்டில்ஸ் பாட்டைப் பகிஷ்கரித்தார்கள். ஊர் ஊராய் இசைத்தட்டுகளையும் படங்களையும் குவித்துச் சொக்கப்பனை கொளுத்தினார்கள். கறுப்பு நிறத்தாரைக் கொன்று மரத்தில் கட்டித் தொங்கவிட்ட கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரும் மதத்தைக் காப்பாற்ற அங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைசியில் ஆகஸ்ட் 11-ந் தேதி சிக்காகோவில் பத்திரிகைக்காரர்கள் மத்தியில் உட்கார்ந்து லென்னன் வருத்தம் தெரிவிக்கவேண்டி வந்தது.

இதில் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அதே ‘டேட்புக்’ இதழின் அட்டையில், அதே கோஷ்டியைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி, கறுப்பு நிறத்தாரை அமெரிக்காவில் இழிவாக நடத்துவதைக் கண்டித்துச் சொன்ன கூற்றும் அச்சாகியிருந்தது. அந்த இழிவுக்காக ரோஷப்பட்டு ஒரு குச்சியாவது கொளுத்தினவர்கள் அக்கூட்டத்தில் உண்டா? மனிதனை மனிதன் இழிவுபடுத்துகிறான் என்றால் மதக்காரர்களுக்குக் கோபம் வருவதில்லை. தங்கள் கடவுளைவிட ஒரு பாட்டுக்காரனை அதிகம் பேருக்குத் தெரியும் என்ற வெறும் கணக்கைச் சொன்னால் கோபம் வந்துவிடுகிறது. அவர்கள் கோபித்தது பக்தியைக் கண்டல்ல. பக்தி தங்கள் கடையை விட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறதே என்கிற கடைக்காரன் கோபம்தான் அது. பக்தி கூடாது என்று சொல்லுகிற நமக்குத்தான் இரண்டு கடையையும் கண்டிக்க உரிமையுண்டு.

கடவுள் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். டெக்ஸாஸ் மாகாணத்தில் லாங்வியூ என்னும் ஊரில் ஒரு ரேடியோ நிலையத்தார் ஆகஸ்ட் 13-ந் தேதி பெரிய சொக்கப்பனை கொளுத்தி ஏசுவின் மானத்தைக் காப்பாற்றினார்கள். மறுநாள் இடி விழுந்தது. எங்கே? லென்னன் தலையில் அல்ல. அந்த ரேடியோ நிலையத்தின் கோபுரத்தின்மேலேயே விழுந்து ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. உயரமான இரும்புக் கம்பத்தின்மேல் மின்னல் பாய்வது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த இயற்கை. அதில் அதிசயமில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அதே இடி லென்னன் தங்கியிருந்த ஓட்டலின்மேல் விழுந்திருந்தால், இன்றைக்கும் பாதிரிமார்கள் அதைச் சொல்லியே உண்டியல் குலுக்கிக் கொண்டிருக்க மாட்டார்களா?

அறிவு வந்தபோது ஆத்திரம்

மற்றும் சில உதாரணங்கள் சொல்லுவோம். ஜெர்மனியில் ‘பிராவோ’ என்று ஒரு பத்திரிகை 1956-ல் ஏற்பட்டது. சினிமாக்காரர், பாட்டுக்காரர் படந்தான் அதிலும் பிரதானம். ஆனால் 1969 முதல் அதில் டாக்டர் சோமர் என்ற பெயரில், மார்ட்டின் கோல்டுஸ்டைன் என்னும் வைத்தியர் இளைஞர்களின் உடலைப்பற்றிய கேள்விகளுக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்ல ஆரம்பித்தார். வயது வந்த பெண்ணுக்கு உடலில் என்ன மாறுதல் உண்டாகிறது, கர்ப்பம் எப்படி உண்டாகிறது, அதை எப்படித் தடுப்பது என்பவைகளைத் தாய் தகப்பனும் சொல்லவில்லை, பள்ளிக்கூடமும் சொல்லவில்லை, கோயிலும் சொல்லவில்லை. பாட்டுக்காரன் படம் போட்ட பத்திரிகை சொன்னது. உடனே 1972-ல் இரண்டு இதழ்களை இளைஞர்களுக்கு ஆபத்தானவை என்று சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று தடைப்பட்டியலில் சேர்த்தது. சீமையிலும் கர்ப்பத்தடை மாத்திரை 1974-ல் சர்க்கார் வைத்திய உதவியில் இலவசமாய்க் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் ‘ஜாக்கி’யே வெட்கத்தை விட்டு டாக்டர் பகுதி ஒன்றை ஆரம்பித்தது.

அமெரிக்காவில் 1988-ல் ‘ஸாஸி’ என்னும் பத்திரிகை ஏற்பட்டது. அதன் ஆசிரியர் ஜேன் பிராட் என்பவர். பெண்களோடு பெண்ணாய் நின்று, உடலுறவைப்பற்றியும் கர்ப்பத்தடையைப்பற்றியும் அது வெளிப்படையாக எழுதிற்று. கிறிஸ்தவ மாதர் கூட்டம் ஒன்று கிளம்பி, விளம்பரம் கொடுக்கும் வியாபாரிகளுக்குக் கடிதத்தின்மேல் கடிதமாக எழுதிப் பயமுறுத்திற்று. வியாபாரிகள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். பத்திரிகை தன் குரலைத் தாழ்த்திக்கொள்ள நேர்ந்தது, 1996-ல் ஒழிந்தும்போயிற்று. உதட்டுச்சாயம் விற்றபோதும், ஒல்லியாயிரு என்று பெண்ணைப் பட்டினி போடச் சொன்னபோதும், காதலனுக்காகக் காத்திரு என்று கதை சொன்னபோதும் இந்தக் கூட்டத்தாரும் வியாபாரிகளும் எங்கே போயிருந்தார்கள்? பெண் அலங்காரம் செய்துகொள்ளலாம், அழலாம், ஆராதிக்கலாம். தன் உடலைப்பற்றி மாத்திரம் தெரிந்துகொள்ளக்கூடாது என்பதுதானே இதன் அர்த்தம்? கர்ப்பத்தடையைப்பற்றிப் பேசினதற்காக நமது இயக்கத்தார் வாங்கிய வசவுகளை ஞாபகத்தில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

படித்த பெண்கள் எல்லோரும் பொம்மைகளாய் இருந்துவிட்டார்கள் என்றும் நாம் சொல்லமாட்டோம். 1991-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஒலிம்பியா முதலிய ஊர்களில் இளம் பெண்கள் தாங்களே வாத்தியம் வாசித்துக் கோஷ்டி சேர்த்ததோடு, தாங்களே கையால் எழுதி, பிரதி எடுத்து, தைத்துச் சிறு பத்திரிகைகளைப் பரப்பினார்கள். பலாத்காரத்தைப்பற்றியும், ஆண்களின் அதிகாரத்தைப்பற்றியும் முதலாளிப் பத்திரிகைகள் எழுதாததை அவைகள் எழுதின. 2011-ல் டாவி கெவின்ஸன் என்னும் 15 வயதுப் பெண் ‘ரூக்கி’ என்ற பத்திரிகையை இணையத்தில் ஆரம்பித்து 2018 வரை நடத்தினார். 2012-ல் 14 வயதுள்ள பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, பெண்களின் படத்தை மெலிதாகத் திருத்திப் போட்டு ஏமாற்றாதே என்று ‘செவன்டீன்’ பத்திரிகைக்கு விண்ணப்பம் விட்டாள். 80,000 பேருக்குமேல் கையெழுத்துப் போட்டார்கள். இனி உடலையும் முகத்தையும் மாற்றுவதில்லை என்று அப்பத்திரிகை வாக்குக் கொடுக்கவேண்டி வந்தது. பக்தை கேள்வி கேட்க ஆரம்பித்தால் பூசாரி இறங்கி வந்துதானாக வேண்டும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

பத்திரிகை போய் செல்போன் வந்தது

பாட்டின் வார்த்தைகளை அச்சிட்டு, பாட்டுக்காரர்களைக் கொஞ்சம் பரிகாசமும் செய்து 1978 முதல் வந்துகொண்டிருந்த ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ 2006-ல் நின்றது. மற்றவைகளும் ஒன்றன்பின் ஒன்றாய் மறைந்தன. அவைகளின் இடத்துக்குச் செல்போன் வந்துவிட்டது. முன்பு வாரத்துக்கு ஒரு நாள் தரிசனம். இப்போது நிமிஷத்துக்கு நிமிஷம் தரிசனம். முன்பு கற்பனையான டீனாவை வியாபாரிக்குக் காட்டினார்கள். இப்போது நிஜமான ஒவ்வொரு பெண்ணும் எதை எத்தனை நேரம் பார்க்கிறாள் என்பதையே கணக்கெடுத்து விற்கிறார்கள். கலியாணம் ஆகாத கடவுள் தத்துவமும் சாகவில்லை. தென்கொரியாவில் ‘ஏஸ்பா’ என்னும் கோஷ்டியைச் சேர்ந்த கரீனா என்ற பாட்டுக்காரி, 2024 மார்ச்சில், தான் ஒரு நடிகரைக் காதலிப்பது வெளியானதற்காகத் தன் கையாலேயே கடிதம் எழுதி ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வயது வந்த ஒரு பெண் ஒருவரைக் காதலித்ததற்கு ஊராரிடம் மன்னிப்பா! 1962-ல் ஆணின் மனைவியை மறைத்தார்கள். 2024-ல் பெண்ணையே மண்டியிட வைத்தார்கள். தெய்வமாக்கப்பட்டவருக்கும் விடுதலை இல்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

இது நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. 2024 ஜனவரியில், தமிழ்நாட்டுக் கிராமமொன்றைச் சேர்ந்த 13 வயதுப் பெண்கள் மூவர், ‘பி.டி.எஸ்.’ என்னும் கொரியப் பாட்டுக் கோஷ்டியைப் பார்ப்பதற்காக, சேர்த்துவைத்த சுமார் 14,000 ரூபாயை எடுத்துக்கொண்டு, விசாகப்பட்டணம் போய்க் கப்பலேறிக் கொரியா செல்வதென்று வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சென்னை வரை போய், பயந்து திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு நேர்ந்திருக்கக்கூடிய ஆபத்தை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. ஆனால் இப்படிப்பட்ட செய்தி வந்தவுடன் நம் ஊர்ப் பெரியவர்கள் செய்யும் முடிவு என்ன? செல்போனைப் பிடுங்கு, படிப்பை நிறுத்து, சீக்கிரம் ஒருவன் கையில் பிடித்துக்கொடு என்பதுதானே? அந்தப் பெண்களிடம் துணிவு இருந்தது; காசு சேர்க்கும் கட்டுப்பாடு இருந்தது; ஒருவரையொருவர் கைவிடாத சினேகம் இருந்தது; கடலுக்கு அப்பாலும் உலகம் உண்டு என்கிற ஆசை இருந்தது. இல்லாமற்போனது கப்பல், கடவுச்சீட்டு, தூரம், ஆபத்து ஆகியவைகளைப்பற்றிய அறிவு. அதைக் கொடுக்கவேண்டியது யார்? அவ்வளவு தூரம் போகத் துணிந்த காலை ஒடித்து அடுப்பங்கரையில் உட்காரவைப்பதா பரிகாரம்? இந்தக் கோஷ்டியின் ரசிகர்கள்தான் 2020 ஜூனில், அமெரிக்காவில் கறுப்பு நிறத்தாரின் உரிமைக் கிளர்ச்சிக்குத் தங்களுக்குள் 10 லட்சம் டாலர் வசூலித்துக் கொடுத்தார்கள். ரசிகைக்கு மூளையில்லை என்பவர்கள் இதற்கு என்ன சொல்லுகிறார்கள்?

ஆகவே தோழர்களே! பெண்குழந்தை பாட்டுக் கேட்பதைத் தடுக்காதீர்கள், படத்தைக் கிழிக்காதீர்கள், பரிகாசமும் செய்யாதீர்கள். கிழித்தால் படம் சுவரிலிருந்து போகுமே தவிர மனதிலிருந்து போகாது. அதற்குப் பதில் அவளைக் கேள்வி கேட்கப் பழக்குங்கள். இந்தப் பாட்டை எழுதினவர் யார், இதில் பணம் யாருக்குப் போகிறது, உன் ஆசையைக் காட்டிச் சம்பாதிப்பவர் யார், அவனைப்போல் நீயும் ஏன் வாத்தியம் வாசிக்கக்கூடாது என்று அவளோடு பேசுங்கள். அவளுடைய உடலைப்பற்றி வைத்தியர் சொல்லுகிற உண்மையைத் தாயும் தகப்பனும் வெட்கமில்லாமல் சொல்லுங்கள். பள்ளிக்கூடங்களும் சொல்லும்படி வற்புறுத்துங்கள். பையனைப்போலவே அவளும் தெருவில் நடக்கவும், வாசகசாலைக்குப் போகவும், கூட்டத்தில் பேசவும் இடங்கொடுங்கள். நமது சங்கங்களிலும் பெண்குழந்தைகளுக்கென்று தனியாய் ஒரு மாலை ஒதுக்கி, பாட்டு, வாத்தியம், விஞ்ஞானம், சட்டம் எல்லாவற்றையும் அவர்கள் கையிலேயே விட்டு, கையெழுத்துப் பத்திரிகையாவது அவர்களே நடத்தும்படி செய்யவேண்டும். அதில் பெரியவர்கள் தலையிட்டு உபதேசம் செய்யக்கூடாது.

உலகத்தைப் பெண்ணுக்கு அடைத்துவைத்து, ஒரே ஒரு ஜன்னலை மாத்திரம் திறந்து, அதில் ஒரு ஆணின் முகத்தை வைத்தால் அவள் அந்த முகத்தைத்தான் தொழுதுகொண்டிருப்பாள். அந்த முகம் கல்லானாலும், கணவனானாலும், பாட்டுக்காரனானாலும் அடிமைத்தனம் ஒன்றுதான். கதவைத் திறந்துவிட்டால், பாட்டைக் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்க அவளாகவே எழுந்து போவாள்.